ஓர் உதையும் ஒரு வாழ்வும்

மனிதரை மதிப்பிடுவதற்கு உலகம் கையாளும் அளவுகோல்கள் பல. வாழ்நாள் முழுவதும் ஒருவர் செய்த தொழிலைக் கூட்டிப் பார்த்து மதிப்பிடுவோர் சிலர். ஊரறிய நிகழ்ந்த ஒரே சம்பவத்தைக் கொண்டு அவர் கணக்கைத் தீர்த்துவிடுவோர் பலர். முன்னையதே நியாயமானது என்பதை யாவரும் ஒப்புக்கொள்வர். ஆயினும் நடைமுறையிற் பெரிதும் வழங்குவது பின்னையதே. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் எத்துணை பெரிதாகலாம் என்பதை அறிய விரும்புவோர், வட இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கக் கிராமமொன்றிற் பிறந்து, றக்பி லீக் என்னும் ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டு வாழ்ந்த டொன் பொக்ஸ் என்பவரின் கதையை நோக்கலாம்.

அவ்வாட்டத்தைப் பற்றி முதலிற் சில வார்த்தைகள் சொல்லவேண்டும். நம் நாட்டில் 'றகர்' என்று வழங்குவது அணிக்குப் பதினைந்து பேர் ஆடும் றக்பி யூனியன் ஆகும். றக்பி லீக் அதனோடு ஒரே வயிற்றிற் பிறந்து, பின்னர் பாகம் பிரித்துக்கொண்டு போன சகோதரம். பிரிவினைக்குக் காரணமாயிருந்தது கூலி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் யோர்க்ஷயர், லங்காஷயர் மாவட்டங்களில் இவ்வாட்டத்தை ஆடியவருட் பெரும்பாலோர் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்தவர்கள். சனிக்கிழமைகளிலும் அவர்களுக்கு வேலை இருந்தது. ஆட்டத்திற்காக வேலையை விட்டு வந்தால் அந்நேரத்துக்குரிய கூலி இல்லை. இழந்த கூலியையாவது ஈடுசெய்ய அனுமதிக்குமாறு வடபகுதிக் கழகங்கள் கேட்டன. வருமானத்திற்குக் குறைவில்லாத கனவான்களின் கையிலிருந்த தலைமைச் சங்கம், பணம் பெற்று ஆடுவது ஆட்டத்திற்கே இழுக்கு என மறுத்தது. 1895ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் திகதி, ஹடர்ஸ்பீல்ட் நகரின் ஜோர்ஜ் ஹோட்டலிற் கூடிய வடபகுதிக் கழகங்கள் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டன. பின்னர் 1906இல் அணிக்குப் பதின்மூன்று பேர் என்ற விதி வந்தது. ஆட்டமும் வேறோர் ஆட்டமாயிற்று.

இவ்வாறு பிறந்த ஆட்டத்திலே தொழில்முறை ஆட்டக்காரன் என்ற சொல்லுக்கு ஒரு தனிப்பொருள் இருந்தது. அவன் செல்வந்தன் அல்லன். வாரத்தில் ஐந்து நாளும் சுரங்கத்திலோ தொழிற்சாலையிலோ வேலை செய்து, மாலையிற் பயிற்சி பெற்று, வார இறுதியில் ஆடுபவன். அவனுக்குக் கழகம் கொடுத்த பணமும் இருவகைப்பட்டது. வென்றால் ஒரு தொகை. தோற்றால் அதனினும் குறைந்த ஒரு தொகை. ஆகவே வெற்றி தோல்வி என்பது அவனைப் பொறுத்தவரை மானத்தோடு மட்டும் தொடர்புடையதன்று. அடுத்த வாரத்து வீட்டுச் செலவோடும் தொடர்புடையது. இதனை மனத்திற் கொள்ளாதவர் அவ்வாட்டத்தின் ஆவேசத்தையும் துயரத்தையும் முழுமையாக உணர்தல் அரிது. வேக்பீல்ட் நகரிற் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த டேவிட் ஸ்ரோறி 1960இல் எழுதிய நாவலும், 1963இல் லின்ட்சே அன்டர்சன் அந்நகரின் ஆட்டத்திடலிலே படமாக்கிய அதன் திரைவடிவமும், தன் உடலைக் கழகத்துக்கு விற்றுவிட்ட ஒரு மனிதனின் நிலையை உலகுக்குக் காட்டின. டொன் பொக்ஸ் வாழ்ந்தது அதே மண்ணில், அதே காலத்தில்.

வேக்பீல்ட் நகருக்கு அண்மையிலுள்ள ஷால்ஸ்ரன் என்னும் சிற்றூரில் 1935ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அவர் பிறந்தார். சுரங்கமும் அதனைச் சுற்றிய வீடுகளும், வேலை முடிந்து வந்தோர் பந்து பயின்ற திடலுமே அவ்வூர். தந்தையார் சுரங்கத் தொழிலாளி; தாமும் அவ்வாட்டத்தை ஆடியவர். அவ்வீட்டில் மூன்று ஆண்பிள்ளைகள். மூத்தவர் பீற்றர், நடுவிலவர் டொன், இளையவர் நீல். மூவரும் தொழில்முறை ஆட்டக்காரராயினர். ஒரு சிற்றூரின் ஒரு வீட்டிலிருந்து இத்தகைய மூவர் தோன்றியமை அவ்விளையாட்டின் வரலாற்றில் அரிய செய்தி. இளையவரான நீல், 1956 முதல் 1979 வரை ஆடி மொத்தம் 6,220 புள்ளிகள் பெற்றார். றக்பி லீக் வரலாற்றில் அதனை விஞ்சியவர் எவருமிலர். மூத்தவரான பீற்றர், ஆட்டக்காரர் என்பதிலும் பயிற்றுநர் என்ற வகையிலேயே பெரும்புகழ் பெற்றார். பிரித்தானிய தேசிய அணிக்கும் அவர் பயிற்றுநராயிருந்தார். மூவருள்ளும் இயல்பான ஆட்டத்திறன் மிக்கவர் நடுவிலவரே என்று கூறுவோர் அவ்வட்டாரத்தில் உண்டு. மூத்தவருக்கும் இளையவருக்கும் இடையிற் பிறந்தவர்கள் பலருக்கு நேர்வதுபோல, அவருடைய புகழும் இருபுறத்து ஒளிக்கு இடையில் நிழலாகவே விழுந்தது எனலாம்.

1953இல், பதினெட்டு வயதையொட்டிய பருவத்தில், டொன் பொக்ஸ் பெதர்ஸ்ரன் றோவர்ஸ் கழகத்திற் சேர்ந்தார். பெதர்ஸ்ரன் மிகச் சிறிய சுரங்க நகர். அந்நகரின் கழகம் பெருநகரக் கழகங்களோடு பொருதி நின்றது, நிலத்தடியில் உழைத்து வலுப்பெற்ற இளைஞரைத் தன் மண்ணிலேயே தேடிக்கொண்டமையால். அங்கே அவர் வகித்தது ஸ்க்ரம்-ஹாஃப் என்னும் இடம். முன்னணியிலே மோதிப் பந்தை வென்றெடுப்போர்க்கும், பின்னணியில் விரைந்தோடிப் புள்ளி பெறுவோர்க்கும் நடுவே நின்று, பந்து எத்திசையிற் செல்ல வேண்டும் என்பதைக் கணப்பொழுதில் தீர்மானிப்பவர் அவர். கூரிய கண்ணும் சாதுரியமும் அவ்விடத்துக்கு வேண்டும். அவ்விடத்தில் நின்றும், பின்னர் முன்னணி வரிசையிற் சேர்ந்தும், பெதர்ஸ்ரன் கழகத்துக்காக அவர் 162 'ட்றை'கள் பெற்றார். பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் நிலத்திற் பதிப்பதே ட்றை எனப்படும். அவ்வெண்ணிக்கை அக்கழகத்தின் சாதனையாகப் பதிவாயிற்று. எல்லைக் கோட்டை நோக்கி விரைவதையே தொழிலாகக் கொண்ட ஓரத்து ஆட்டக்காரர்க்கே இத்தகைய சாதனைகள் வழக்கமாக உரியவை. நடுவில் நின்று பிறருக்குப் பந்து வழங்குவதைக் கடமையாகக் கொண்ட ஒருவர் இதனைப் பெற்றார் என்பதிலேதான் அவருடைய திறமையின் அளவு புலப்படுகிறது.

பிரித்தானிய அணியோடு 1962இல் அவர் தென்புலச் சுற்றுப்பயணம் சென்றார். ஆயினும், தேசிய அணிக்காக அவர் ஆடிய சர்வதேசப் போட்டி ஒன்றே ஒன்றுதான். 1963இல் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக நடைபெற்ற அப்போட்டியில் பிரித்தானியா வென்றது. அதன் பின்னர் அழைப்பு வரவில்லை. அக்காலத்தில் ஸ்க்ரம்-ஹாஃப் இடத்துக்குத் தகுதியானோர் பலர் இருந்தமை ஒரு காரணமாகலாம்.

இங்கே காலத்தின் விளையாட்டு ஒன்றைக் குறிப்பிடுதல் பொருந்தும். வெம்பிளி மைதானத்தில் நடைபெறும் சவால் கிண்ண இறுதியாட்டமே றக்பி லீக் ஆட்டக்காரனின் வாழ்நாட் கனவு. கிண்ணத்திற்கான போட்டி 1897 முதல் நடந்துவருகிறது. அதன் இறுதியாட்டத்தை 1929 முதல் இலண்டனிலுள்ள வெம்பிளியில் நடத்தலாயினர். ஆண்டுக்கொருமுறை வடபகுதியின் சுரங்க நகரங்கள் தலைநகரை நோக்கிப் புறப்படும் நாள் அது. பெதர்ஸ்ரன் கழகம் 1952இல் வெம்பிளி சென்று தோற்றது. அடுத்த ஆண்டுதான் டொன் பொக்ஸ் அங்கே சேர்ந்தார். ஒரு தசாப்தத்துக்கு மேலாக அவர் அங்கு உழைத்தும் கழகம் வெம்பிளியை எட்டவில்லை. அதே காலத்தில், தம்பி நீல் ஆடிய வேக்பீல்ட் றினிற்றி கழகம் 1960, 1962, 1963 ஆகிய ஆண்டுகளிற் கிண்ணத்தை வென்றது. 1960இன் இறுதியாட்டத்தில் நீல் தனியொருவராக 20 புள்ளிகள் பெற்றார். அறுபதுகளின் நடுவில் டொன் பொக்ஸ் பெதர்ஸ்ரனை விட்டு வேக்பீல்டுக்கு மாறினார். அவர் மாறிய பின்னர், 1967இல், பெதர்ஸ்ரன் பரோ கழகத்தை வென்று முதன்முறையாகக் கிண்ணத்தைப் பெற்றது. தாம் இருந்த இடத்துக்கு வராத பேறு, தாம் இல்லாத இடங்களுக்கெல்லாம் போய்வந்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேக்பீல்டில் நல்ல காலம் இல்லாமலில்லை. 1967, 1968 ஆகிய இரு ஆண்டுகளிலும் அக்கழகம் நாட்டின் சம்பியன் பட்டத்தை வென்றது. 1968 மே மாதத் தொடக்கத்தில் ஹள் கிங்ஸ்ரன் றோவர்ஸ் கழகத்தை வென்று அப்பட்டத்தைப் பெற்ற கையோடு, அடுத்த வாரமே வெம்பிளியில் லீட்ஸ் கழகத்தைச் சந்திக்கவேண்டியிருந்தது. பட்டமும் கிண்ணமும் ஒரே பருவத்திற் கைகூடும் நிலை. டொன் பொக்ஸுக்கு அப்போது வயது 32. வெம்பிளி இறுதியாட்டம் அவருக்கு அதுவே முதன்முறை. நீல் பொக்ஸ் காயமுற்றிருந்தமையால் ஆட முடியவில்லை. வேக்பீல்டின் உதைகளையெல்லாம் வழக்கமாக உதைப்பவர் நீல். அவருடைய இடது காலே அக்கழகத்தின் பெருஞ்சொத்து. அவர் இல்லாமையால் அப்பொறுப்பு தமையன் டொன்னிடம் வந்து சேர்ந்தது.

மே 11ஆம் திகதி, சனிக்கிழமை. வெம்பிளியில் 87,100 பேர் கூடியிருந்தனர். ஆட்டத்துக்கு முன்னரே பெருமழை கொட்டித் திடல் ஈரத்தில் ஊறியிருந்தது. ஆட்டத்தின் இடையில் மழை மீண்டும் இடியோடு வந்தது. புற்றரையின்மேல் நீர் தகடுபோல் தேங்கி நின்றது. வேறோர் ஆட்டமாயின் ஒத்திவைத்திருப்பர், இறுதியாட்டமாகையால் தொடர்ந்தனர். ஓடியவர்கள் நிற்க நினைத்த இடத்தில் நிற்க முடியாமற் சறுக்கினர். பந்தின்மீது பாய்ந்தவர்கள் பந்தையும் தாண்டிப் போயினர். ஒருவர் விழும்போதெல்லாம் நீர் விசிறியடித்தது. அவ்வாட்டம் பின்னாளில் 'நீர்த்தெறிப்பு இறுதியாட்டம்' என்றே பெயர் பெற்றது.

அந்த நீர்ப்பரப்பிலே மற்றெவரினும் சிறப்பாக ஆடியவர் டொன் பொக்ஸ். முன்வரிசையில் ஆடினாலும், ஸ்க்ரம்-ஹாஃபாக இருந்த காலத்தில் அவருக்கு வாய்த்த கூரிய கண்ணும் நிதானமும் அன்று பயன்பட்டன. கையாற் பந்தைக் கடத்துவது கடினமான அந்நிலையில், காலாலே நிலமறிந்து உதைத்துத் தம் அணியை முன்னே நகர்த்தினார். இடைவேளையின்போது வேக்பீல்ட் 7க்கு 4 என முன்னணியில் இருந்தது. அக்காலத்தில் ட்றை ஒன்றுக்கு மூன்று புள்ளி. கம்பங்களுக்கிடையே, குறுக்குச் சட்டத்துக்கு மேலாகச் செல்லும் உதைக்கு இரண்டு புள்ளி. வேக்பீல்டின் ஏழில், கென் ஹேர்ஸ்ற் பெற்ற ட்றை மூன்று. டொன் பொக்ஸின் காலிலிருந்து வந்தவை நான்கு.

இரண்டாம் பாதியில் லீட்ஸ் அணியின் ஜோன் அற்கின்சன் பந்தைத் துரத்திச் சென்றபோது தடுக்கப்பட்டார் என மத்தியஸ்தர் ஜோன் ஹெபிள்வைற் கருதி, லீட்ஸுக்குத் தண்டனை ட்றை வழங்கினார். வழுக்கி விழுந்ததா, வேண்டுமென்று தடுத்ததா என்பது அன்று தொட்டு வாதத்துக்குரிய விடயமாகவே இருந்துவருகிறது. மேலதிக உதையையும் பெவ் றிஸ்மன் சரியாக உதைத்தார். லீட்ஸ் 9, வேக்பீல்ட் 7. ஆட்டம் முடிய ஓரிரு நிமிடங்கள் இருக்கையில் றிஸ்மன் மற்றொரு தண்டனை உதையையும் வென்றார். 11க்கு 7.

ஆட்டம் முடிந்துவிட்டதென்றே யாவரும் எண்ணினர். நடுவிலிருந்து ஆட்டத்தைத் தொடக்கும் உதையை டொன் பொக்ஸ் தாழ்வாக உதைத்தார். நீரிற் சறுக்கிச் சென்ற பந்து லீட்ஸ் ஆட்டக்காரரின் கைக்கு அகப்படாமற் போக, ஹேர்ஸ்ற் அதனை மேலும் காலால் உந்தி, துரத்தி, கம்பங்களுக்கு நேர் கீழே விழுந்து ட்றை பெற்றார். 11க்கு 10. ட்றை பெற்ற இடத்துக்கு நேர்கோட்டிலேயே மேலதிக உதையை உதைக்க வேண்டும் என்பது விதி. ஓரத்திற் பெற்ற ட்றையாயின் அவ்வுதை கடினமானது. கம்பங்களுக்குக் கீழே பெற்றதாயின் மிக எளியது. இது கம்பங்களுக்குக் கீழே பெற்றது. உதை சென்றால் 12க்கு 11; கிண்ணம் வேக்பீல்டுக்கு. அதன் பின்னர் ஆடுவதற்கு நேரமுமில்லை.

வேக்பீல்ட் வீரர் மகிழ்ச்சியில் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர். லீட்ஸ் வீரர் தலைகுனிந்து நின்றனர். டொன் பொக்ஸ் ஈர நிலத்தைக் காலாற் பண்படுத்தி, நீருறிஞ்சிக் கனத்திருந்த தோற்பந்தை நிறுத்தினார். பின்னோக்கி நடந்தார். ஒருகணம் நின்றார். ஓடிவந்து உதைத்தார். பந்து காலிற் சரியாகப் படவில்லை. அது கம்பங்களின் வலப்புறமாக விலகிச் சென்றது. அவர் அந்த நீரிலேயே சரிந்து விழுந்தார். இறுதி ஊதல் ஒலித்தது. சற்றுமுன் தலைகுனிந்து நின்றவர்கள் துள்ளிக் குதித்தனர்.

அவ்வாட்டத்தைத் தொலைக்காட்சியில் வருணித்துக்கொண்டிருந்தவர் எடி வெயரிங். யோர்க்ஷயரின் டியூஸ்பரி நகரத்தவர். அங்கே கழகமொன்றை நடத்திய அனுபவமும் உடையவர். உதை தவறியதைக் கண்டதும், அவர் வாயிலிருந்து இரக்கச்சொல் ஒன்று எழுந்தது. ஆங்கிலத்தில் இரண்டே சொல். தமிழிற் சொல்வதாயின், "பாவம், பெடியன்" என்பதே பொருத்தம். முப்பத்திரண்டு வயது மனிதரை, பதினைந்து ஆண்டுகள் தொழில் செய்தவரை, அக்கணத்தில் அவர் ஒரு பெடியனாகவே கண்டார். அவ்விரக்கத்தில் உண்மை இருந்தது. ஆனால் அன்று தொட்டு அச்சொல்லே டொன் பொக்ஸின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

தமிழிலே 'பாவம்' என்னும் சொல் விந்தையானது. ஒருவர் செய்த குற்றத்தையும் அதுவே குறிக்கும். ஒருவர் மீது நாம் கொள்ளும் இரக்கத்தையும் அதுவே குறிக்கும். "அவன் பாவம் செய்தான்" என்பதற்கும், "அவன் பாவம்" என்பதற்கும் இடையில் ஒரு வினைச்சொல்லே வேறுபாடு. ஆங்கிலத்தில் வெயரிங் கூறிய சொற்களில் இவ்விரு பொருளும் இல்லை. எனினும், டொன் பொக்ஸுக்கு உலகம் வழங்கியது இவ்விரண்டையும் கலந்ததொன்றே. இரங்கியவர்கள் இரங்கிய அதே மூச்சிற் குற்றத்தையும் அவர்மேற் சுமத்தினர். கிண்ணத்தை இழந்தது வேக்பீல்ட். இழக்கச் செய்தவர் பொக்ஸ். ஆதலால் பாவம், பொக்ஸ். இரக்கம் என்ற போர்வைக்குள்ளே தீர்ப்பும் அடங்கியிருந்தது.

அத்தீர்ப்பு எத்துணை பொருந்தும் என்பதைச் சிறிது ஆராய்தல் வேண்டும். அன்றைய தோல்விக்கான காரணங்களை வரிசைப்படுத்தினால் அவை பல. திடல் ஆட்டத்துக்குத் தகாத நிலையில் இருந்தும் ஆட்டம் நடத்தப்பட்டமை ஒன்று. வாதத்துக்குரிய தண்டனை ட்றை இன்னொன்று. உதைப்பதிற் கைதேர்ந்த நீல் காயமுற்றமை வேறொன்று. இவற்றுள் எதுவும் டொன் பொக்ஸின் செயலன்று. அவருடைய செயல் என்று கூறத்தக்கவற்றைப் பார்ப்போமாயின், வேக்பீல்ட் பெற்ற பத்துப் புள்ளிகளில் நான்கு அவருடைய காலால் வந்தவை. இறுதி ட்றைக்கு வழிவகுத்ததும் அவர் உதைத்த பந்தே. வெற்றிக்கு ஓரடி தூரத்திற்குத் தம் அணியைக் கொண்டுவந்து நிறுத்தியவர் அவர். அந்த ஓரடியை அவர் கடக்கவில்லை என்பதும் உண்மையே. மறுப்பதற்கில்லை. ஆனால் பிறர் கொண்டுவந்து நிறுத்திய இடத்தில் நின்று தவறியவர் போலவே வரலாறு அவரைக் காட்டுகிறது.

இக்கதையின் மிகக் கசப்பான பகுதி இனித்தான் வருகிறது. வெம்பிளி இறுதியாட்டத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கு லான்ஸ் ரொட் விருது வழங்குவது 1946 முதல் வந்த வழக்கம். நியூசிலாந்திலிருந்து வந்து வீகன் கழகத்தில் ஆடிப் பின்னர் சல்பேட் கழகத்தை நிர்வகித்த ஒருவரின் நினைவாக ஏற்பட்டது அவ்விருது. பத்திரிகையாளர்கள் ஆட்டம் முடியுமுன்னரே வாக்களித்துவிடுவர். 1968இல் அவர்கள் தெரிவுசெய்தது டொன் பொக்ஸை. ஆகவே, ஒரே நாளில், ஒரே திடலில், அவர் சிறந்த ஆட்டக்காரராகவும் தோல்வியின் உருவமாகவும் நின்றார். தொலைக்காட்சிக்காரர் அவரை அணுகி விருதுச் செய்தியைக் கூறியபோது, அதனால் அவர் ஆறுதல் அடைந்ததாகத் தெரியவில்லை. ஆறுதல் அடையவும் முடியாது. விருது என்பது தனியொருவருக்கு; தோல்வி என்பதோ உடனாடியோர் அனைவருக்கும், அவர்தம் வீடுகளுக்கும், வெற்றிக்கூலியை எண்ணியிருந்தோருக்கும் உரியது. தம் தோழர்க்குக் கிடைக்காததை ஈடுசெய்யத் தமக்குக் கிடைத்ததொன்றால் முடியாது என்பதைச் சுரங்கக் கிராமத்திற் பிறந்த ஒருவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

விருதைப் பலர் மறந்துவிட்டனர். உதையை எவரும் மறக்கவில்லை. இதற்குத் தொலைக்காட்சியின் பங்கு பெரிது. பெதர்ஸ்ரனில் அவர் பெற்ற 162 ட்றைகளைப் பார்த்தவர்கள், குளிரிலும் புகையிலும் திடலைச் சுற்றி நின்ற சில ஆயிரம் பேர். அவற்றைப் படம்பிடிக்க அங்கு எவருமில்லை. பார்த்தவர் மறையும்போது காட்சியும் மறைந்துவிடும். வெம்பிளி உதையோ நாடு முழுவதும் பார்த்தது. மறுபடியும் மறுபடியும் காட்டக்கூடிய வகையிற் பதிவாயிற்று. சவால் கிண்ணக் காலம் வந்தபோதெல்லாம் அதனைக் காட்டினர். அவ்வாட்டத்தையே அறியாத தென்பகுதி மக்களுக்கும் றக்பி லீக் என்றவுடன் நினைவுக்கு வரும் காட்சி அதுவாயிற்று. ஒரு மனிதர் தம் வாழ்வின் மிகத் துன்பமான கணத்தில் மீண்டும் மீண்டும் விழுந்துகொண்டே இருந்தார். எழுந்து போன பகுதியை எவரும் காட்டவில்லை.

ஒரு மறுப்பு இங்கே எழக்கூடும். அவ்வுதை தவறியிராவிட்டால் இன்று டொன் பொக்ஸ் என்ற பெயரை யார் அறிவர்? அக்காலத்தில் ஆடிய நூற்றுக்கணக்கானோர் பெயர்களைப் போல அதுவும் ஏடுகளுக்குள் மறைந்திருக்கும். தவறிய உதையே அவருக்கு நிலைபேற்றைத் தந்தது எனக் கூறுவாருமுளர். இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்நிலைபேறு யாருக்குப் பயன்படுவது? பார்ப்போர்க்கு அது ஒரு கதை. வாழ்ந்தவருக்கோ, கடைத்தெருவிற் சந்திப்பவர் வாயிலும், அறிமுகமாகும் புதியவர் கண்ணிலும் தினந்தோறும் காத்திருக்கும் ஒரு வினா. மறதியும் ஒருவகைக் கருணை. அது அவருக்கு வாய்க்கவில்லை.

அண்ணனும் தம்பியும் தத்தம் வழியிற் சென்றனர். 1973இல் பெதர்ஸ்ரன் கழகம் பிராட்போட் நோதேர்ன் கழகத்தை 33க்கு 14 என வென்று மீண்டும் கிண்ணத்தைப் பெற்றபோது, அதன் பயிற்றுநராக வெம்பிளிக்குச் சென்றவர் மூத்தவர் பீற்றர். டொன் தமது இளமையைக் கொடுத்த கழகம். அவர் விழுந்த அதே திடல். அக்குடும்பத்துக்கு வெம்பிளி ஏதோ ஒன்றைத் திருப்பிக் கொடுத்தது எனலாம். கொடுத்த கையும் வாங்கிய கையும் வேறு வேறு என்பதே குறை.

1984-85இல் நடைபெற்ற சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் தோல்விக்குப்பின் அவ்வட்டாரத்துச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பெதர்ஸ்ரனின் சுரங்கம் 1985இலேயே மூடப்பட்டது. ஆட்டக்காரரை ஈன்ற தொழிலே அங்கு இல்லாமற் போயிற்று. 1996 முதல் றக்பி லீக்கின் முன்னணிக் கழகங்கள் முழுநேரத் தொழில்முறைக்கு மாறின. சுரங்கத்திலிருந்து திடலுக்கு வந்த தலைமுறையின் கதை பழங்கதையாயிற்று. டொன் பொக்ஸ் 2008ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், தமது எழுபத்திரண்டாம் வயதில் மறைந்தார். அவரைப் பற்றி எழுதப்பட்ட இரங்கற் குறிப்புக்களாலும் அவ்வுதையைத் தாண்டிச் செல்ல முடியவில்லை. பலவும் அதிலிருந்தே தொடங்கின.

இக்கதையை வேறு விதமாகத் தொடங்கலாம். 1953இல் ஓர் இளைஞர் பெதர்ஸ்ரன் கழகத்துக்கு வந்தார் என்று தொடங்கலாம். கிழமை முழுவதும் உழைத்துச் சனிக்கிழமைகளில் ஆடினார் என்றும், நடுவில் நின்று பிறர்க்குப் பந்து வழங்குவதைத் தொழிலாகக் கொண்டும் 162 முறை தாமே எல்லைக் கோட்டைக் கடந்தார் என்றும் எழுதலாம். தம் நாட்டுக்காக ஒருமுறை ஆடி, அந்த ஒருமுறையும் வென்றார் என்று எழுதலாம். மழையில் மூழ்கிய ஒரு திடலிலே, இருபத்தாறு பேர் நடுவில், நாட்டின் தலைசிறந்த பத்திரிகையாளர்கள் சிறந்தவர் எனத் தெரிவுசெய்தது அவரையே என்று எழுதலாம். அன்று அவர் உதைத்த உதைகளில் ஒன்று தவறியது என்பதையும் அதன் உரிய இடத்தில், உரிய அளவில் குறிப்பிடலாம். மேற்கூறியவற்றில் எதுவும் பொய்யன்று. எதுவும் மறைக்கப்பட்டதுமன்று. ஷால்ஸ்ரனின் திடலில் இப்போது பந்து பயிலும் பிள்ளைகளுக்கு, அவ்வூரிற் பிறந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல விரும்பும் பெரியவர் எவரும், கதையை இந்த ஒழுங்கிற் சொல்லிக் கொடுக்கலாம்.